கணக்கப்பிள்ளையின் கண்மட்டம்

கொட்டமலைத் தோட்டத்தில் கண்மட்டம் என்றால் அந்தோனிப்பிள்ளை கணக்கப்பிள்ளைதான். ஸ்பிரிங்வெளியிலிருந்து மேலே ஏறும் பாதையில் ஏழாம் நம்பர் மலை வரைக்கும் அவருடைய ராச்சியம். முப்பது வருடமாகக் கொழுந்து மலையில் மேற்பார்வைக்கு நின்று, தேயிலை பறிக்கும் பெண்களைத் திட்டித் திட்டியே குரல் தடித்துப்போன மனிதர். திட்டுவதற்கு அவருக்குப் பெரிய காரணம் எதுவும் தேவையில்லை, மட்டம் ஒன்று போதும்.

தேயிலைச் செடியின் தலை மேசைப் பலகை மாதிரி தட்டையாக இருக்க வேண்டும். அதற்காகக் கொழுந்து பறிக்கும் ஒவ்வொருத்தியும் ஒரு மட்டக்கம்பு வைத்திருப்பாள். நேரான, மெலிந்த கம்பு. அதைச் செடியின் தலையில் கிடத்தி, கம்புக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் கொழுந்தை மட்டும் கிள்ள வேண்டும். கை கீழே போனால் செடி பாழ். மற்ற மலைகளில் கணக்கப்பிள்ளைமார் சும்மா ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். அந்தோனிப்பிள்ளைக்கு அது போதாது. நிரையின் தலைப்பில் குந்துவார். இடது கண்ணை இறுக்கி மூடிக்கொள்வார். வலது கண்ணைச் செடித் தலைக்கு நேராகக் கொண்டுவந்து, துவக்கால் குறி பார்ப்பவரைப் போல நிரை முழுவதையும் பார்ப்பார். ஒரு விரல் கனம் ஏற்ற இறக்கம் இருந்தாலும் இடத்தைச் சொல்லிவிடுவார். தோட்ட மேலாளராக இருந்த பழைய துரை ஒருவர் தன் விருந்தாளிகளைக் கூட்டிவந்து இதை வேடிக்கை காட்டியதுண்டு. அந்தக் கதையை அந்தோனிப்பிள்ளை சொல்லாத நத்தார் பண்டிகை இல்லை.

தொண்ணூற்றேழாம் வருடம் பிறந்த கையோடு ஏழாம் நம்பர் மலையில் மட்டம் கெட ஆரம்பித்தது. அதாவது, அவர் அப்படித்தான் கண்டார். நின்றுகொண்டு இரண்டு கண்ணாலும் பார்த்தால் நிரை ஒழுங்காக இருக்கும். குந்தி, இடது கண்ணை மூடினால் நடுவில் பள்ளம் விழும். பள்ளம் என்று காட்டிய இடத்தில் கம்பை வைத்தால் கம்பும் வளைந்து கிடக்கும். ஏழெட்டுக் கம்புகளை முழங்காலில் வைத்து முறித்துப்போட்டார். புதுக்கம்பும் வளைந்தது. பெண்களெல்லாம் சேர்ந்து தனக்கெதிராக ஏதோ ஒரு கள்ளத்தனம் பழகிவிட்டார்கள் என்று அவர் முடிவுகட்டினார். தூரத்தில் நின்று பார்த்தால் நேராகத் தெரிகிற மாதிரி, கிட்டப்போய்ப் பார்த்தால் குழியாக இருக்கிற மாதிரிப் பறிக்கிறார்களாம். அப்படிப் பறிக்க எந்த மனிதனாலும் முடியாது என்பது முப்பது வருடம் மலையில் நின்ற மனிதருக்குத் தோன்றவில்லை.

அவர் எப்போதும் குந்துவது முதல் நிரையில். முதல் நிரை இராக்கம்மாவுடையது. அந்த மலையில் அவளைப் போலக் கை உள்ளவள் இல்லை, அதனால்தான் அவளுக்கு முதல் நிரை. புருசன் செத்து ஆறு வருடம். மகள் விஜிதா பதுளையில் பதினோராம் வகுப்புப் படிக்கிறாள், வருட முடிவில் சாதாரண தரப் பரீச்சை. தோட்டத்து வீட்டு வரிசையான லயத்தில் அவர்கள் இருக்கும் ஒற்றை அறைக் காம்பரா இராக்கம்மாவின் வேலைக்காகக் கொடுத்தது. அவளுக்கு வேலை இல்லையென்றால் காம்பராவும் இல்லை. இது அந்தோனிப்பிள்ளைக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டுதான் போன வருடம் ஒன்றும் இந்த வருடம் ஒன்றுமாக அவள் மேல் இரண்டு எச்சரிக்கைக் கடிதம் எழுதி வாங்கிக் கொடுத்திருந்தார். மூன்றாவது வந்தால் விசாரணை, விசாரணை முடிந்தால் வேலையோடு வீடும் போகும்.

தொண்ணூற்றெட்டு ஆடி மாதம் ஒரு புதன்கிழமை. முதல் நிரையில் குந்தினார், கண்ணை மூடினார், பள்ளத்தைக் கண்டார்.

"ஏய் இராக்கம்மா, இங்க வா. இது என்னா, மட்டமா? மாடு மேஞ்ச மாதிரி இருக்கு."

அவள் வந்து கம்பைச் செடியில் கிடத்தினாள். கம்புக்கும் செடிக்கும் நடுவில் நகம் நுழைய இடமில்லை.

"சரியாத்தானுங்க இருக்கு."

"கம்பே வளஞ்சு கெடக்கு. எனக்குச் சொல்லித் தர்றியா?"

இராக்கம்மா அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அவர் மூடியிருந்த கண்ணையும் திறந்திருந்த கண்ணையும் பார்த்தாள். கேலி செய்யும் எண்ணம் அவளுக்குத் துளிகூட இருக்கவில்லை. கூடை ஓட்டையாக இருந்தால் ஓட்டை என்று சொல்வாளே, அப்படிச் சொன்னாள்.

"அய்யா, மத்தக் கண்ணால ஒருக்காப் பாருங்க."

அடுத்த நிரையில் நின்ற பாக்கியலெட்சுமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளிடமிருந்து அது அடுத்தவளுக்குப் போய், மலை முழுவதும் கூடைகள் குலுங்கின. முப்பது வருடத்தில் அந்த மலையில் அவரைப் பார்த்து யாரும் சிரித்ததில்லை. அந்தோனிப்பிள்ளைக்குக் காது மடல் இரண்டும் எரிந்தது. இராக்கம்மாவின் கையிலிருந்த கம்பைப் பிடுங்கி அவள் கூடையில் ஓங்கி ஓர் அடி அடித்தார். கூடை உருண்டு, காலையிலிருந்து பறித்த கொழுந்தெல்லாம் சேற்றில் கொட்டியது.

"எறங்கு மலைய விட்டு. செடிய வெட்டிக் கெடுத்ததும் இல்லாம வாயி வேறயா. ஆபீசுல வந்து பேசு."

அவள் சேற்றிலிருந்து கொழுந்தைப் பொறுக்கக் குனிந்தாள். அதற்கும் அவர் விடவில்லை. அன்று மாலையே மூன்றாவது கடிதத்துக்கான முறைப்பாடு துரையின் மேசைக்குப் போயிற்று. வேலையிலிருந்து இடைநிறுத்தம், அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை விசாரணை.

மற்றக் கண்ணால் பாருங்கள் என்று இராக்கம்மா சொன்ன சொல் அவரை விடாமல் அரித்தது. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பாதிரியார் பிரசங்கம் செய்துகொண்டிருக்கும்போது, யாரும் பார்க்கவில்லை என்று உறுதிப்படுத்திக்கொண்டு, தூசி துடைப்பவரைப் போல இடது கண்ணைக் கையால் பொத்தினார். பீடத்துக்குப் பின்னால் இருந்த பெரிய சிலுவை இடுப்பில் வளைந்து நின்றது. பாதிரியாரின் முகத்தில் மூக்கு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மடிப்பு. கையை எடுத்து வலது கண்ணைப் பொத்தினார். சிலுவை நிமிர்ந்தது, பாதிரியாருக்கு மூக்கு வந்தது. மாற்றி மாற்றிப் பொத்திப் பார்த்தார். பக்கத்துப் பெஞ்சில் இருந்த மனைவி பவுலினா, புருசனுக்கு ஏதோ பக்தி மிஞ்சிப்போய்க் கண்ணீர் துடைக்கிறார் என்று நினைத்துக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை பவுலினாவைக் கூட்டிக்கொண்டு பதுளைக்குப் போனார். தோட்டத்து டிஸ்பென்சரிக்குப் போனால் ஊருக்குத் தெரியும். பதுளையில் கண் டாக்டர் சிவசுப்பிரமணியம், யாழ்ப்பாணத்துக்காரர், ஆஸ்பத்திரி வேலை முடிந்து பின்னேரங்களில் வீட்டிலும் ஆள் பார்ப்பார். சண்டையால் ஊர்ப்பக்கம் போகாமல் எட்டு வருடம். அதனாலோ என்னவோ நோயாளிகளோடு ஆற அமர இருந்து பேசுகிறவர்.

டாக்டர் ஒரு காகிதத்தைக் கொடுத்தார். சின்னச் சின்னக் கட்டங்கள், நடுவில் ஒரு கறுத்தப் புள்ளி.

"இடது கண்ணை மூடிக்கொண்டு புள்ளியைப் பாருங்கோ. கோடெல்லாம் எப்பிடி இருக்குது?"

"புள்ளியச் சுத்தி வளஞ்சிருக்குங்க. சுருக்குப் பையக் கட்டுன மாதிரி."

மருந்து விட்டு, கண்மணியை விரியவைத்து, வெளிச்சத்தையும் கண்ணாடியையும் வைத்து டாக்டர் நெடுநேரம் உள்ளே பார்த்தார். பிறகு கதிரையில் சாய்ந்துகொண்டு சொன்னார்.

"கண்ணுக்குப் பின்பக்கம் விழித்திரை எண்டு ஒண்டு இருக்குது. படம் விழுற இடம். அதுக்கு மேல மெல்லிசா ஒரு சவ்வு படிஞ்சிருக்குது உங்களுக்கு. பால் ஆறினா மேல ஆடை படியுமெல்லோ, அப்பிடி. படிஞ்சதோட நிண்டாப் பரவாயில்லை. அது சுருங்கும். சுருங்கேக்க விழித்திரையையும் சேர்த்து இழுக்கும். அதுதான் நேரான சாமான் உங்களுக்கு வளைஞ்சு தெரியுது."

"ஏங்க வந்துச்சு? யாரும் ஏதும் செஞ்சிருப்பாங்களா?"

"ஒருத்தரும் செய்யேல்லை. கண்ணில எப்பவாவது அடி பட்டதோ? சீனி வருத்தம்? உள்ளுக்கு வீக்கம், கிழியல்?" ஒவ்வொன்றுக்கும் அந்தோனிப்பிள்ளை தலையாட்டி மறுத்தார். "நானும் ஒண்டும் காணேல்லை. அப்ப வயசுதான். கண்ணுக்குள்ள பசை மாதிரி ஒண்டு நிறைஞ்சிருக்கும். ஐம்பது வயசுக்குப் பிறகு அது சுருங்கி விழித்திரையை விட்டுக் கழரும். கழரேக்க சில பேருக்கு அந்த இடத்தில இப்பிடிச் சவ்வு வளரும். கனபேருக்குக் காரணமே இல்லாமல்தான் வாறது."

காரணமே இல்லை என்றது அந்தோனிப்பிள்ளைக்குப் பிடிக்கவில்லை. முப்பது வருடமாக எந்தக் கேட்டுக்கும் ஓர் ஆளைக் கண்டுபிடித்துப் பழகியவர். ஆள் இல்லாத குற்றத்தை அவர் எங்கே போய் வைப்பார்?

"மருந்து கட்டுனா கரையுங்களா?"

"சொட்டு மருந்தும் கேட்காது, கண்ணாடியும் கேட்காது. பார்வை நல்லா இருந்தா ஒண்டும் செய்யாமப் பார்த்துக்கொண்டிருக்கலாம் எண்டு சொல்லுவன். உங்களுக்கு இந்தக் கண்ணால நாலாவது வரியே வாசிக்க ஏலாமல் இருக்குது. ஒப்பரேசன்தான். கொழும்பில செய்யினம். கண்ணில நுணுக்கமான துளை போட்டு, உள்ளுக்கு இருக்கிற பசையை எடுத்துப்போட்டு, ஊசி மாதிரிச் சாவணத்தால அந்தச் சவ்வைப் பிடிச்சு உரிச்சு எடுப்பினம். பிறகு வெண்புரை கெதியாக வரும், அதுக்கும் ஒருக்கால் செய்ய வேண்டி வரலாம். கோடு முழுக்க நேராகும் எண்டு நான் சத்தியம் பண்ண மாட்டன். மாதக் கணக்கில மெல்ல மெல்லத்தான் திருந்தும். ஆனால் இப்ப போனா நல்ல பலன் இருக்கும். வைச்சுக்கொண்டிருந்தா விழித்திரை அந்தச் சுருக்கத்திலயே பழகிப் போயிடும்."

கொழும்புக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். லீவுக்காகத் தோட்டத்துக்கும் ஒன்று. இரண்டையும் பவுலினா கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

பஸ்ஸில் அவள் மெதுவாகக் கேட்டாள். "அப்ப ரெண்டு வருசமா அந்தப் பொம்பளையத் திட்டுனதெல்லாம்?"

அவர் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாவங்க. வயசுக்கு வந்த புள்ளைய வச்சுக்கிட்டு எங்க போவா? துரைக்கிட்டப் போயி, கண்ணுல கோளாறு, இப்பத்தான் தெரிஞ்சிச்சுன்னு சொல்லிட்டா முடிஞ்சிச்சு. ஒங்கள யாரு தூக்கிலயா போடப் போறா?"

அவள் சொன்னது சரி. வேலை போயிருக்காது. லீவு கொடுத்து, கொழும்புக்கு அனுப்பி, திரும்பி வந்ததும் மலையில் விட்டிருப்பார்கள். அந்தோனிப்பிள்ளைக்கும் அது தெரியும். ஆனால் அந்தச் சிரிப்பு இருக்கிறதே, ஏழாம் நம்பர் மலை முழுவதும் கூடைகளைக் குலுக்கிய சிரிப்பு, அது திரும்ப வரும். இந்த முறை நியாயத்தோடு வரும். ஒரு கொழுந்துக்காரி கண்டுபிடித்ததைக் கணக்கப்பிள்ளை ஒத்துக்கொண்டார் என்று தெமோதரை ஸ்டேசன் வரைக்கும் கதை போகும். ஒரு குடும்பம் தெருவில் நிற்பதைவிட அதுதான் அவருக்குப் பெரிய அவமானமாகப் பட்டது. மனுசன் இவ்வளவுதானா என்று கேட்டால், இவ்வளவேதான்.

தெருவளைவில் பஸ் குலுங்கியபோது அவர் தன் ஆளையும் கண்டுபிடித்துவிட்டார்.

"அவ சொல்ற வரைக்கும் எனக்குக் கண்ணு நல்லாத்தான் இருந்திச்சு. அவ வாய் வச்சா. அதுல வந்ததுதான் இது."

"டாக்டரு வயசுன்னாரே."

"அவரு எழுதிப் படிச்சவரு. அவருக்கு இதெல்லாம் எங்க தெரியப் போகுது."

வெள்ளிக்கிழமை விசாரணை. துரை நடுவில். புதியவர், வந்து ஆறு மாதம், எதையும் முறையாகச் செய்ய வேண்டும் என்பவர். ஒரு பக்கம் பெரிய கிளார்க் பேனையோடு. மறுபக்கம் தொழிற்சங்கத் தலைவர். அவர் தன் மகனுக்குத் தொழிற்சாலையில் ஒரு வேலை கேட்டுத் துரையிடம் நடந்துகொண்டிருந்த நேரம், இருந்தாலும் வந்த கடமைக்கு ஒரு கேள்வி கேட்டார்.

"இந்தம்மா கணக்கப்பிள்ளையோட கண்ணுல கோளாறுங்கிறாங்க. அதையும் பாத்துட்டா நல்லதுங்க."

துரைக்கு அது நியாயமாகப் பட்டது. இரண்டு மட்டக்கம்புகளைக் கொண்டுவரச் சொல்லி மேசையில் வைத்தார். ஒன்று நேர், மற்றது நடுவில் இலேசாக வளைந்தது. இராக்கம்மாவின் முகத்தில் முதன்முதலாக ஒரு தெளிச்சி வந்தது. தான் சொன்னது இப்போது எல்லோருக்கும் தெரியப் போகிறது என்று அவள் நம்பினாள்.

அந்தோனிப்பிள்ளை மேசையருகே குந்தினார். ஒரு கண்ணை மூடினார். டாக்டர் சிவசுப்பிரமணியம் அவரைக் காப்பாற்றச் சொல்லிக் கொடுத்த பாடத்தை அவர் முதன்முதலாகப் பயன்படுத்தியது இந்த இடத்தில்தான். மூடியது வலது கண்ணை.

"இது நேருங்க சேர். இது நடுவுல ஒரு நூல் வளைவு. கவ்வாத்துக் கத்தியால சீவுனப்ப கணு இருந்திருக்கு."

துரை கம்பைத் தூக்கித் தடவிப் பார்த்தார். கணு இருந்தது. அவருக்குச் சந்தோசம் பொறுக்கவில்லை.

"அய்யா." இராக்கம்மா மேசைக்குக் கிட்ட வந்தாள். "அவரு கண்ண மாத்தி மூடுறாருங்க. மலையில எப்பவும் எடது கண்ணத்தாங்க மூடுவாரு. இன்னைக்குச் சோத்தாங்கைக் கண்ண மூடியிருக்காரு. பாக்கியத்தக் கேளுங்க. அவளுக்குத் தெரியும்."

பாக்கியலெட்சுமி சாட்சிக்காக வாசலில் நின்றாள். இராக்கம்மாவும் அவளும் ஒரே வருடம் பேர் பதிந்தவர்கள், இருபத்திரண்டு வருடம் பக்கத்துப் பக்கத்து நிரை. துரை அவளைப் பார்த்துக் கேட்டார், கணக்கப்பிள்ளை எப்போதும் எந்தக் கண்ணை மூடுவார் என்று.

அந்தோனிப்பிள்ளை மெதுவாகத் திரும்பி அவளைப் பார்த்தார், அவ்வளவுதான். பாக்கியலெட்சுமிக்கும் ஓர் எச்சரிக்கைக் கடிதம் இருந்தது. அவளுக்கும் மூன்று பிள்ளைகள் இருந்தார்கள்.

"நாங்க கொழுந்தப் பாப்பமா, அய்யாவோட கண்ணப் பாப்பமாங்க," என்றாள். சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தவள் பிறகு நிமிரவேயில்லை.

பெரிய கிளார்க் எழுதினார்: கணக்கப்பிள்ளையின் பார்வை சோதிக்கப்பட்டது, எவ்விதக் குறையும் இல்லை, குற்றச்சாட்டு பொய். எழுதியதை உரக்க வாசித்துக் காட்டினார். அந்தோனிப்பிள்ளை கையெழுத்துப் போட்டார். பாக்கியலெட்சுமி பெருவிரல் வைத்தாள். இராக்கம்மா எங்கேயும் கைவைக்க மாட்டேன் என்று நின்றாள். அதையும் ஒரு குற்றமாகச் சேர்த்துக்கொண்டார்கள்.

காம்பராவைக் காலிசெய்ய ஒரு மாதம் கொடுத்திருந்தார்கள். அந்த மாதத்தில் ஒருநாள் பின்னேரம் அவள் கணக்கப்பிள்ளையின் குவாட்டர்சுக்கு வந்தாள். மகளையும் கூட்டி வந்திருந்தாள், பள்ளிக்கூட வெள்ளை உடுப்போடு. பவுலினா கதவைத் திறந்தாள்.

"அய்யாகிட்ட ஒரு வார்த்தைங்க. வேலை வேணாம். புள்ள பரீச்சை எழுதுற வரைக்கும் காம்பராவுல இருக்க விடச் சொல்லுங்க. அவரு சொன்னா துரை கேப்பாரு."

உள்ளேயிருந்து அந்தோனிப்பிள்ளையின் குரல் கேட்டது. "நான் இல்லன்னு சொல்லு."

பவுலினா வாசலில் நின்றுகொண்டு, "அவரு இல்ல," என்றாள். வேறு என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. இராக்கம்மா தலையை ஆட்டிவிட்டு மகளின் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கிப் போனாள். மாதம் முடிய, ஹல்துமுல்லைப் பக்கம் ஏதோ தோட்டத்தில் இருக்கும் அண்ணன் வீட்டுக்கு அவர்கள் போய்விட்டதாகச் சொன்னார்கள். விஜிதா பரீச்சை எழுதவில்லை.

அதன்பிறகு கொட்டமலையில் அந்தோனிப்பிள்ளையின் கொடி பறந்தது. மற்ற மலைகளின் மட்டத்தையும் அவரே பார்க்க வேண்டும் என்று துரை உத்தரவு போட்டார். இடது கண்ணால் குறி பார்ப்பது ஆரம்பத்தில் கழுத்தை வலித்தது, பிறகு பழகிவிட்டது. கொழும்புக்கு மட்டும் போக முடியவில்லை. போவதென்றால் லீவு வேண்டும், லீவுக்குக் கடிதம் காட்ட வேண்டும், கடிதத்தில் வலது கண் என்று டாக்டர் தெளிவாக எழுதியிருந்தார். குறையில்லை என்று கையெழுத்து வைத்த அதே ஆபீசில் அந்தக் கடிதத்தை எப்படி நீட்டுவது? வயிற்று நோய் என்று சொல்லிப் போங்கள் என்றாள் பவுலினா. கண்ணில் கட்டோடு திரும்பி வரும்போது என்ன சொல்வது என்று கேட்டார் அவர். நத்தாருக்குப் பிறகு பார்ப்போம் என்றார். பிறகு சித்திரைக்குப் பிறகு என்றார். கடைசியில் ஒருநாள் கடிதம் இரண்டையும் அடுப்பில் போட்டுவிட்டார்.

மலையில் ஒரு மாற்றம் வந்திருந்தது. அதை அவர் மிகவும் ரசித்தார். பெண்கள் எதிர்த்துப் பேசுவதை விட்டுவிட்டார்கள். செடி வளைந்திருக்கிறது என்று அவர் சொன்னால், "ஆமாங்கய்யா" என்பார்கள். நேராக இருக்கிறது என்றாலும் "ஆமாங்கய்யா". ஒருநாள் உதவி மேலாளரான சின்னத்துரையின் நாயைப் பார்த்து யாருடைய ஆடு என்று கேட்டுவிட்டார். ஆட்டை விரட்டுகிறோம் என்று சொல்லி இரண்டு பேர் ஓடினார்கள். ஒருத்தி முகத்திலும் சிரிப்பில்லை.

தொண்ணூற்றொன்பது ஐப்பசியில் இடது கண்ணாலும் நிரை இலேசாக நெளிந்தது. அன்றைக்கே பதுளைக்கு ஓடினார். டாக்டர் பழைய குறிப்புத் துண்டை எடுத்துப் பார்த்துவிட்டு, இரண்டு கண்ணிலும் மருந்து விட்டுப் பார்த்தார். முகம் கடுத்தது.

"ஏன் போகேல்லை?"

"வேலைங்க."

"என்ன வேலை ஐயா, கண்ணை விட? வலதுல விழித்திரை நல்லா இறுகி வீங்கிப்போய்க் கிடக்குது. இப்ப உரிச்சாலும் அண்டைக்குக் கிடைச்சிருக்கக் கூடியது கிடையாது. எண்டாலும் செய்யலாம், இன்னும் கெட்டுப்போகாமல் தடுக்கலாம். இடதிலயும் தொடங்கியிருக்குது. சில பேருக்கு ரெண்டிலயும் வரும். அதுல பார்வை இன்னும் இருக்குது, வடிவாக் கவனிக்கோணும். இன்னொரு கடிதம் தாறன். இந்த முறை போங்கோ. மலைப்பாதையில தனிய நடக்காதையுங்கோ. மேடு பள்ளம் உங்களுக்குப் பிடிபடாது. கூட வாறவைக்குச் சொல்லி வைச்சிருங்கோ."

"சரிங்க," என்றார் அந்தோனிப்பிள்ளை. யாருக்கும் எதுவும் சொல்லவில்லை.

கார்த்திகை மழை மூன்று நாள் விடாமல் கொட்டி நான்காம் நாள் காலையில் விட்டது. ஏழாம் நம்பர் மலைக்குப் போகும் வழியில் ஒரு பெரிய கான் உண்டு. மலைத் தண்ணீரெல்லாம் இறங்கும் கருங்கல் கான், ஆள் ஆழத்துக்குமேல். அதைக் கடக்க இரண்டு கட்டைகளைச் சேர்த்துப் போட்டிருந்தார்கள். மழையில் வலப்பக்கக் கட்டை அடித்துக்கொண்டு போய்விட்டது. முன்னால் வந்த பெண்கள் மிஞ்சிய கட்டையில் ஒருத்தி கையை ஒருத்தி பிடித்துக்கொண்டு கடந்து, அக்கரையில் கூடைகளைச் சரிசெய்துகொண்டு நின்றார்கள். பத்துப் பன்னிரண்டு பேர். பாக்கியலெட்சுமி முன்னால் நின்றாள்.

அந்தோனிப்பிள்ளை பின்னால் குடையோடு வந்தார். அவரைக் கண்டதும் பேச்சு நின்றது. மரியாதை என்று எடுத்துக்கொண்டார். கானின் விளிம்பில் நின்று கீழே பார்த்தார். இரண்டு கண்ணாலும் பார்த்தபோது கட்டை இரண்டாகப் பிரிந்து தெரிந்தது. வலதை மூடினார், கட்டை நடுவில் நெளிந்து வலப்பக்கம் ஒதுங்கிற்று. இடதை மூடினார், புகைமாதிரி ஒன்று. எந்தக் கண்ணை நம்புவது என்று ஒரு கணம் தயங்கினார். எதிரே அத்தனை பேர் பார்த்துக்கொண்டு நிற்கும்போது கணக்கப்பிள்ளை தயங்கலாமா? அக்கரையில் யாரும் அசையவில்லை. ஒருத்தி மட்டும் வாயைத் திறக்கப் போனாள், புதிதாகப் பேர் பதிந்த சின்னப் பெண். பாக்கியலெட்சுமி பின்பக்கமாகக் கையை நீட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

அந்தோனிப்பிள்ளை வலது காலைத் தூக்கி, கட்டை இருப்பதாகக் கண்ட இடத்தில் வைத்தார். அங்கே கட்டை இல்லை.

கல்லில் இடுப்பு அடிபட்ட சத்தம் மேலே வரைக்கும் கேட்டது. குடை தண்ணீரோடு போயிற்று. அவர் மார்புவரை சேற்றுத் தண்ணீரில் மல்லாந்து கிடந்தார். இடது கால் ஒரு பக்கமாக மடிந்து கிடந்தது, அது அவர் சொல்லுக்கு வரவில்லை. வலி கொஞ்சம் பிந்தித்தான் வந்தது. வந்ததும் அவர் மாடு போலக் கத்தினார்.

கானின் விளிம்பில் முகங்கள் வரிசையாக எட்டிப் பார்த்தன. அவருக்கு அவை எல்லாம் நடுவில் மடிந்த முகங்களாகவே தெரிந்தன. குரலை வைத்துத்தான் ஆளைப் பிடிக்க வேண்டியிருந்தது.

"பாத்துக்கிட்டுத்தானே நின்னீங்க," என்று மூச்சு வாங்க வாங்கக் கேட்டார். "கட்டை போயிருச்சின்னு ஒருத்தியாச்சும் ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

மேலேயிருந்து பாக்கியலெட்சுமி பேசினாள், ஆபீஸ் வாசலில் நின்று பேசிய அதே பணிவான குரலில்.

"நாங்க எப்படிங்கய்யா சொல்றது. அய்யா கண்ணுல ஒரு குறையும் இல்லன்னு எழுதி வாசிச்சாங்க. நான்தானுங்க கைநாட்டு வச்சேன்."

அவள் முகத்தில் சிரிப்பு இருக்கிறதா என்று அந்தோனிப்பிள்ளை தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முதலில் ஒரு கண்ணை மூடினார். பிறகு மற்றதை மூடினார். ஒன்றும் தெரியவில்லை. மேலே பெண்கள் கூடைகளை இறக்கி வைத்துவிட்டு, ஆபீசுக்கு ஆள் அனுப்புவது யார் என்று நிதானமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள்.